சுருட்டு மூன்று கட்டு

மளிகைச் சாமான் பட்டியல் ஒன்றை என் கையில் கொடுங்கள். அந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், யாருக்கு வயிறு சரியில்லை, எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள், மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே அடுப்பா தனித்தனி அடுப்பா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று கூலிம் பட்டணத்தில் மூன்று கடைக்குச் சொந்தக்காரன். பெரிய படிப்புப் படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒரு வீட்டில் உப்பு எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதை வைத்து அந்த வீட்டுக் கதையைச் சொல்லத் தெரியாது.

அந்தக் கண் எனக்கு, மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த காலத்தில் திறந்தது. அதே கண்ணால் ஒரு மனிதனின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தேன் என்பதையும் சேர்த்தே எழுதியாக வேண்டும்.

ஜப்பான்காரன் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கூலிமிலிருந்து செர்டாங் போகிற சாலையில், ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதை வந்து சேரும் முனையில், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கடை வைத்திருந்தேன். சொந்தக் கடை. என் அப்பா ரப்பர் மரம் சீவியே செத்தவர். அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு சீவு கத்தி. அதை விற்றுத்தான் முதல் டின் மண்ணெண்ணெய் வாங்கிப் போட்டேன். மற்றதெல்லாம் என் கைச் சம்பாத்தியம்.

சண்டை வந்ததும் பெரிய கடைக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள். சாமான் வரவில்லை என்றார்கள். சாமான் வராவிட்டால் நாம்தானே போக வேண்டும்? நான் சைக்கிளை எடுத்தேன். டயர் கிடையாது, தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தேன். அந்தச் சைக்கிளில் கோலா கெடாவரைக்கும் போவேன். போக இரண்டு நாள், சுமையோடு திரும்ப மூன்று நாள். உப்பு, கருவாடு, பெலாச்சான் என்கிற இறால் விழுது எல்லாம் கொண்டு வருவேன். வழியில் மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்தில் புகையிலை வாங்கி நானே சுருட்டுச் சுற்றுவேன். வாயில் வைக்கிற பக்கம் ஒல்லியாக, நெருப்பு வைக்கிற பக்கம் பருமனாக இருக்கும். ஒல்லி நுனி பிரியாமல் இருக்க ஒரு சிவப்பு நூல் கட்டுவேன். பத்து சுருட்டு ஒரு கட்டு. சுற்றுவட்டாரத்தில் அந்தச் சிவப்பு நூல் சுருட்டுக்கு அப்படி ஒரு பேர் இருந்தது.

வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டை யாரும் நம்பவில்லை. அதனால் தோட்டத்துச் சனங்களுக்குச் சாமானைக் கடனாகக் கொடுத்துவிட்டு, மரவள்ளிக் கிழங்காகவோ முட்டையாகவோ கோழியாகவோ வாங்கிக்கொள்வேன். நாற்பத்திச் சொச்சம் வீடு என் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. இந்தக் கடனை வசூல் செய்யத்தான் நான் வாசிப்பு என்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். வேறு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, என் மூளையில் உதித்தது.

மாதத்தில் ஒரு லீவு நாள், தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்குப் போவேன். பத்து மணிக்கு. அது ஜப்பான்காரன் வைத்த தோக்கியோ நேரம், பழைய நேரத்துக்கு எட்டரைதான் இருக்கும். மரத்தடியில் பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, வீடு வீடாக, யார் என்னென்ன சாமான் வாங்கினார்கள் என்று உரக்க வாசிப்பேன். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. தனியாகக் கூப்பிட்டுக் கணக்குச் சொன்னால் ஏமாற்றுகிறேன் என்பார்கள். நாலு பேர் முன்னால் வாசித்தால் அந்தப் பேச்சே கிடையாது. அதோடு, பக்கத்து வீட்டுக்காரன் காதுபடக் கடனைச் சொன்னால் எப்பேர்ப்பட்டவனும் அடுத்த நாளே கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் இதற்கு இடம் கொடுத்தார். மாதம் ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் அவருக்குப் போகும்.

சனங்கள் கூத்துப் பார்க்க வருகிற மாதிரி வந்தார்கள். வேறு என்ன பொழுதுபோக்கு இருந்தது? ஒரு வீட்டில் வசம்பு வாங்கினார்கள் என்று வாசித்தால் குழந்தைக்கு என்ன என்று கேட்பார்கள். ஒருத்தன் பேரில் கண்ணாடி வளையல் அரை டஜன் என்று வாசித்தேன். அவன் பெண்டாட்டி எழுந்து தன் மொட்டைக் கைகளைத் தூக்கிக் காட்டினாள். களமே சிரித்தது, நானும் சிரித்தேன். மறுநாள் அவன் முன்பல் ஒன்று இல்லாமல் கடைக்கு வந்து முழுக் கடனையும் கட்டினான். வாசிப்பு நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசையான லயத்தில் கடைசி வீடு. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. சயாமுக்கு ரயில் பாதை போட முதல் தடவை ஆள் பிடித்துக்கொண்டு போனபோது அவள் புருஷனையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். எட்டு மாதமாகச் சேதி இல்லை. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அவள் கணக்கு என் புத்தகத்திலேயே சின்னக் கணக்கு. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கருவாடு, எண்ணெய், தீப்பெட்டி.

ஒரு மாதம் அந்தக் கணக்கு மாறியது. உப்பு இரண்டு பங்கானது. கருவாடும் அப்படியே. பிறகு ஒரு நாள் உச்சி வெயிலில், கடையில் ஈ காக்கை இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, சுருட்டு ஒரு கட்டு கேட்டாள்.

யாருக்கு என்று கேட்டேன். பல்வலி, ஈறில் வைத்து அடக்க வேண்டும் என்றாள். பல்வலிக்கு ஒரு துண்டு புகையிலை போதுமே, முழுக் கட்டு எதற்கு? அவள் கன்னத்தை உற்றுப் பார்த்தேன். வீக்கம் எதுவும் இல்லை. பத்து நாள் கழித்து இன்னொரு கட்டு. மறு வாரம் மூன்றாவது கட்டு.

எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கோலா கெடாவுக்குச் சைக்கிள் மிதிக்கும்போதும் இதே யோசனை. கருவாடு கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் ஒரு நாள் அவள் வீட்டுப் பக்கம் போனேன். வாசலை அடைத்து நின்றபடியே வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று: யாரோ ஒருவன் வந்து போகிறான். யார் அவன்? தோட்டத்தில் மிச்சம் இருந்த ஆம்பிளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொருவனாக மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன். ஒருவனும் பொருந்தவில்லை.

அவள் கடன் பெரிதில்லை. அந்த மாதம் வாசிக்காமலே விட்டிருக்கலாம். நான் வாசித்ததற்குக் காரணம் கடன் இல்லை. சுருட்டு என்று வாசித்தால் கூட்டத்தில் எவன் முகம் மாறுகிறது என்று பார்த்துவிடலாம் என்று திட்டம் போட்டேன். இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்குக் களத்தில் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். மண்டோர் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். கடைசி வீட்டுக் கணக்குக்கு வந்தேன். உப்பு, கருவாடு, எண்ணெய், தீப்பெட்டி. அப்புறம் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, சுருட்டு மூன்று கட்டு என்றேன். என் கண் அவள் பக்கம் போகவே இல்லை. ஆம்பிளைகள் முகத்தையே மேய்ந்துகொண்டிருந்தேன்.

ஒருத்தன் முகமும் மாறவில்லை. சிலர் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, புருஷன் இல்லாத வீட்டில் புகை எப்படி வருகிறது என்று கேட்டாள். அதற்கு இன்னும் சிரிப்பு. மாறின முகம் ஒன்றுதான், அது மண்டோருடையது. மெல்லுவதை நிறுத்திவிட்டு மெதுவாக எழுந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சயாமுக்கு இரண்டாவது தடவை ஆள் கேட்டிருந்தார்கள். அங்கிருந்து ஓடிவந்தவனைப் பிடித்துக் கொடுத்தால் அரிசி மூட்டை, ஒளித்து வைத்தால் லயத்துக்கே அடி என்று ஊரெல்லாம் பேச்சு. நான் கள்ளப் புருஷனைத் தேடிக்கொண்டிருந்தேன். மண்டோருக்கு அவளுடைய சொந்தப் புருஷன் ஞாபகம் வந்திருந்தது. உப்பை வைத்துக் கதை சொல்கிற எனக்கு அது தோன்றவில்லை, வெற்றிலை மெல்லுகிறவருக்கு உடனே தோன்றிவிட்டது.

"ஏ புள்ள, இங்க வா" என்றார். "ஒம் புருஷன் சயாமுல. சுருட்டு யாருக்கு?"

அவள் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிப் பக்கத்தில் விட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எனக்குத்தான்."

"நீ குடிப்பியா?"

"ராவெல்லாம் தனியா கெடக்கேன் மண்டோரையா. கொசு புடுங்குது. குடிச்சா என்ன, தப்பா?"

கூட்டம் மறுபடி சிரித்தது. மண்டோர் சிரிக்கவில்லை. என் பெட்டியைக் காட்டி ஒரு சுருட்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன், வேறென்ன செய்வது? அவள் வாங்கினாள், வாயில் வைத்தாள், தீக்குச்சியைக் கிழித்துப் பற்ற வைத்தாள்.

பருமன் பக்கம் அவள் வாயில் இருந்தது. சிவப்பு நூல் கட்டின பக்கத்தில் நெருப்பு வைத்திருந்தாள். நூல் கருகுகிற வாசனை என் மூக்குக்கு வந்தது. என் கையால் சுற்றிய சுருட்டு. ஆயுளில் ஒரு தடவை குடித்தவர்கூட அந்தத் தப்பைச் செய்ய மாட்டார். மண்டோர் வெற்றிலைக்காரர், சுருட்டைத் தொடாதவர். ஆனால் கூட்டத்தில் சுருட்டுக் குடிக்கிறவர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. சிரிப்புகூட நின்றுவிட்டது.

அவள் இழுத்தாள். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது, இருமல் வரவில்லை. எப்படி அடக்கினாள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது தடவை இழுத்ததும் புகையை அவசரமாக வெளியே ஊதினாள். மண்டோர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

அப்போது முன் வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். மரம் சீவுகிறவள், கைம்பெண், வாயில் சுருட்டு இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. தோட்டமே அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடும்.

"என்ன மண்டோரு அப்பிடிப் பாக்குற? எங்கிட்ட கத்துக்கிட்டவ அவ. நூலுப் பக்கம் பத்த வச்சா காரம் ஜாஸ்திலா. ஒனக்கு என்னா தெரியும், நீ மாடு மாரி எலையத் திங்கிறவன்."

களம் கலகலத்தது. மண்டோர் முகம் சிவந்தது. என் பக்கம் திரும்பினார்.

"கடக்காரா, நீ சொல்லு. இவ குடிச்சு நீ பாத்துருக்கியா?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், வியாபாரி சொல்லாமல் முடியாது. யோசிக்காமல் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

"கடையிலயே நின்னு குடிப்பாங்க மண்டோரையா. நான்தான் வெளிய போய்க் குடிக்கச் சொல்லுவேன்."

மண்டோர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பாதி நம்பினார் என்று நினைக்கிறேன். மறுநாள் காலையில் என் கணக்குப் புத்தகத்தை ஆபீசுக்குக் கொண்டுவரச் சொன்னார். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வாசிப்பார், ஆறு மாதமாக எந்த வீட்டில் என்ன வாங்கினார்கள் என்று பார்த்துவிடுவோம் என்றார். வாசிப்பு அத்தோடு கலைந்தது. அவள் சுருட்டைக் கையிலேயே பிடித்தபடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைக்கு வந்து புத்தகத்தை விரித்தேன். இந்தத் தடவை மண்டோர் பார்க்கிற மாதிரி பார்த்தேன். அவள் பக்கத்தில் உப்பு ஏறின தேதி பளிச்சென்று தெரிந்தது. மற்றப் பக்கங்களையும் புரட்டினேன். இன்னும் இரண்டு வீட்டில், ஆள் சயாமுக்குப் போன வீட்டில், அதே மாதிரி உப்பு ஏறியிருந்தது. அது வரைக்கும் நான் கவனிக்கவே இல்லை. சுருட்டு இல்லாததால் என் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. அந்த வீடுகளிலும் யாராவது வந்திருந்தார்களா, இல்லை கருவாடு போட உப்பு வாங்கினார்களா? தெரியாது. ஆனால் கிராணி கணக்குப் படித்தவர். அவருக்கு அரை மணி நேரம் போதும்.

அடுப்பில் கிழங்குப் பானை இருந்தது. தாள் தாளாகக் கிழித்து அடியில் செருகினேன். ஆறு மாதத்துக் கடன். அந்தப் பணத்தை வைத்து ஒரு வீடே வாங்கியிருக்கலாம். அந்த நெருப்பில்தான் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிழங்கு வெந்தது.

மறுநாள் ஆபீசில் வெறுங்கையோடு நின்றேன். விறகு ஈரமாக இருந்தது, பழைய புத்தகம்தானே என்று அடுப்பில் வைத்துவிட்டேன் என்றேன். மண்டோர் ஜப்பான்காரனிடம் பழகிய பழக்கத்தில் பளார் என்று ஒரு அறை விட்டார், அப்புறம் ஒன்று. நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அந்தக் காலத்தில் என் உடம்பு அப்படி. கிராணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, கடன் கொடுத்தவனே கணக்கை எரித்தால் நாம் என்ன எழுதுவது என்று கேட்டார். எதுவும் எழுதவில்லை.

மண்டோர் நேராகக் கடைசி வீட்டுக்குப் போனார். கதவு திறந்து கிடந்தது, வீட்டில் ஒருவரும் இல்லை. பானைகூட இல்லை.

ஒரு வாரம் கழித்துப் பெரியக்கா கடைக்கு வந்தாள். அவன் வந்திருந்தது நிஜம்தான். சயாமிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்திருக்கிறான். வீட்டில் வைக்கவில்லை. தோட்டத்தின் கடைக்கோடியில் பாழாய்க் கிடந்த ரப்பர் புகைக் கொட்டகையில் வைத்திருந்தாள். காலெல்லாம் புண். வலிக்கு அவன் கேட்டது சுருட்டு ஒன்றுதான். வாசிப்பு நடந்த அன்று மத்தியானமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க் கம்பத்துக்குப் போய்விட்டாள். இதை எல்லாம் சொல்லிவிட்டுப் பெரியக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒனக்குக் கடன் வரணுமா, கத வரணுமாடா?"

ஒரு கட்டுச் சுருட்டை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டுக் கருவாட்டு மூட்டையைப் பிரிக்கப் போனேன்.

புத்தகம் எரிந்த சேதி பரவியதும் யார் யார் கட்டுகிறார்கள் என்று பார்ப்பது பெரிய வேடிக்கையாக இருந்தது. வளையல் வாங்கி மாட்டிக்கொண்டு பல்லை இழந்தவன் ஞாபகமாக வந்து இரண்டு கோழி கொடுத்தான். கோயிலில் மணியடிக்கிறவர் சத்தியம் செய்து தமக்குக் கடனே இல்லை என்றார். சரிபாதி வந்திருக்கும், அதற்குமேல் வரவில்லை. புதிய புத்தகத்தில் சாமான் பெயர் எழுதுவதை விட்டேன், மொத்தம் மட்டும். ஒவ்வொருவரிடமும் அவரவர் கணக்கைத் தனியாகத்தான் சொன்னேன். ஏமாற்றுகிறான் என்று சொல்லி நாலு வீடு வேறு கடைக்குப் போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன்.

ஜப்பான்காரன் போய், வாழைமர நோட்டு சாலையில் காற்றோடு பறந்த சமயம், ஒரு காலையில் அவள் கடைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

கடனைக் கட்ட வந்தேன் என்றாள். புத்தகம் இல்லை, எவ்வளவு என்று எனக்குத் தெரியாது என்றேன். அவளே சொல்ல ஆரம்பித்தாள். எந்த மாதம் எவ்வளவு உப்பு, எவ்வளவு கருவாடு, எண்ணெய் எத்தனை தடவை, தீப்பெட்டி எத்தனை. ஒன்றுகூடத் தப்பவில்லை. என் தலையில் இருந்த கணக்கும் அதேதான். சுருட்டை மட்டும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் காசை எண்ணி வைத்தாள்.

மீதியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பியபோது என்னால் இருக்க முடியவில்லை.

"அவரு நல்லா இருக்காரா தங்கச்சி? கால் ஆறிடுச்சா?"

அவள் நின்றாள். கோபம் இல்லை. விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஒங்களுக்கு எதுக்குண்ணே?"

"சும்மாதான் கேட்டேன்."

"கேக்காம இருங்கண்ணே."

படியிறங்கிப் போய்விட்டாள். செர்டாங் பக்கம் போகிற வளைவில் மறைகிற வரைக்கும் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் அவளுக்காக யாராவது காத்திருந்து சேர்ந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். வளைவு வரைக்கும் யாரும் சேரவில்லை. அதற்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.